இரண்டு குருட்டு மீன்களுக்குப் பார்வையுள்ள குஞ்சு பிறக்குமா?

குகை மீனுக்கு ஏன் கண் இல்லை என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். "இருட்டுல கண்ணு எதுக்கு? பயன்படுத்தல, போயிடுச்சு." கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மீன் ஆயுள் முழுக்கத் தன் கண்ணைப் பயன்படுத்தவில்லை என்பதற்காக அதன் முட்டைக்குள் இருக்கும் மரபணு மாறிவிடாது. அம்மா எதையும் பார்க்கவில்லை என்ற சேதி முட்டைக்குப் போய்ச் சேர வழியே இல்லை. அப்படியென்றால் கண் எப்படிப் போனது?

டார்வினே இந்த இடத்தில் கொஞ்சம் இடறினார். இருட்டில் வாழும் உயிருக்குக் கண்ணால் பயன் இல்லாமல் போகலாம், ஆனால் கண் இருப்பதால் தீங்கு வரும் என்று கற்பனை செய்வது கடினம், அதனால் பயன்படுத்தாமையே காரணம் என்று 1859-ல் எழுதினார். இயற்கைத் தேர்வு என்ற கருத்தை உலகுக்குக் கொடுத்தவர், இந்த ஒரு இடத்தில் அதைத் துணைக்கு அழைக்கவில்லை. அவர் காலத்தில் மரபணு என்ற ஒன்று யாருக்கும் தெரியாது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்று நம்மிடம் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு மீன்தான் காரணம். மெக்சிகன் டெட்ரா என்பார்கள். அறிவியல் பெயர் அஸ்டியானாக்ஸ் மெக்சிகானஸ். ஆறுகளில் இருக்கும்போது இது சாதாரண மீன். வெள்ளி நிறம், பெரிய கண்கள், கூட்டமாக நீந்தும் பழக்கம். வடகிழக்கு மெக்சிகோவில் சியரா டி எல் அப்ரா என்ற சுண்ணாம்புப் பாறை மலைத்தொடர் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைக்கும், குகை உண்டாகும், சில ஆறுகள் நிலத்துக்கு அடியில் போய்விடும். அப்படிப் போன தண்ணீரோடு போய் உள்ளே மாட்டிக்கொண்ட மீன்களின் சந்ததி அங்கே 30-க்கும் மேற்பட்ட குகைகளில் இருக்கிறது. அந்த மீனைப் பார்த்தால் ஆற்று மீனுக்கு உறவு என்றே தோன்றாது. உடலில் நிறமி இல்லை. உள்ளே ஓடும் இரத்தம் தெரிவதால் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தைத் தோல் மூடியிருக்கும்.

1936-ல் குவேவா சிக்கா என்ற குகையிலிருந்து இந்த மீன்கள் முதன்முதலாக வெளியே வந்தபோது, இவற்றை ஆற்று மீனிலிருந்து வேறுபட்ட இனம் என்று மட்டுமல்ல, வேறு பேரினம் என்றே வகைப்படுத்தினார்கள். தோற்றம் அவ்வளவு வித்தியாசம். பிறகு இரண்டையும் ஒரே தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்துப் பார்த்தபோது குஞ்சுகள் பிறந்தன. அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து முட்டையிட்டன. ஆக, ஒரே இனம்தான். அக்வேரியம் கடைகளில் இன்றும் இந்தக் கண்ணில்லாத மீன் விற்பனைக்குக் கிடைக்கிறது. தொட்டியில் விட்டால் கண்ணாடியில் முட்டாமல் வளைய வரும்.

மரபியல் படிப்பவர்களுக்கு இந்த மீன் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு உயிரினம் எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், மாறுவதற்கு முன்பு அது எப்படி இருந்தது என்று ஊகிக்கத்தான் முடியும். மூதாதையர் செத்துப்போயிருப்பார்கள். இங்கே மூதாதையரைப் போன்ற மீன் குகைக்கு வெளியே ஆற்றில் நீந்திக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிள்ளை பெறவைக்கலாம், பேரப்பிள்ளை பெறவைக்கலாம், எந்தப் பண்பு எந்த மரபணுவோடு வருகிறது என்று பார்க்கலாம்.

சரி, இப்போது கண்ணுக்கு வருவோம். குகை மீனின் கருவைப் பார்த்தால் முதலில் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. அதற்குக் கண் உண்டாகிறது! முட்டை கருவுற்ற முதல் நாளிலேயே கண் கிண்ணம் உருவாகிறது, அதன் நடுவில் லென்ஸ் வருகிறது. ஆற்று மீனின் கருவில் இருப்பதைவிடச் சற்றுச் சிறியது, அவ்வளவுதான். ஏறக்குறைய 24 மணி நேரம் கழிந்ததும் லென்ஸில் இருக்கும் செல்கள் தாமாகவே சாகத் தொடங்குகின்றன. பின்னர் விழித்திரையும் பாதிக்கப்படுகிறது. அங்கே புதிய செல்கள் தொடர்ந்து பிறந்துகொண்டே இருக்கும், பிறந்தவை செத்துக்கொண்டே இருக்கும். கருவிழிப்படலமும் கண்பாவையைச் சுற்றிய வளையமும் சரியாக உருவாவதே இல்லை. மீன் வளர வளர, வளராத கண் குழிக்குள் அமிழ்ந்து, மேலே தோல் மூடிவிடுகிறது. அதாவது இந்த மீன் கண்ணே இல்லாமல் பிறக்கவில்லை. கண்ணைக் கட்டத் தொடங்கி, பாதியில் தானே இடித்துப்போடுகிறது.

இந்த இடிப்பை யார் தொடங்கிவைக்கிறார்கள்? 2000-ஆம் ஆண்டில் யோஷியுகி யமமோட்டோவும் வில்லியம் ஜெஃப்ரியும் ஒரு சோதனை செய்தார்கள். ஆற்று மீன் கருவிலிருந்து லென்ஸை எடுத்து, குகை மீன் கருவின் ஒரு பக்கக் கண்ணில் வைத்தார்கள். அந்தச் சமயத்தில் கரு முழுவதுமே மிகச் சின்னது; அதில் லென்ஸை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுவது எவ்வளவு நுணுக்கமான கைவேலை என்று யோசித்துப் பாருங்கள். மறுபக்கக் கண்ணை அப்படியே விட்டுவிட்டார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. வளர்ந்த மீனுக்கு லென்ஸ் மாற்றிய பக்கத்தில் பெரிய கண் வந்தது, மறுபக்கத்தில் வழக்கம்போல் தோல். எதிர்த்திசையிலும் செய்து பார்த்தார்கள்: குகை மீனின் லென்ஸை ஆற்று மீனுக்கு வைத்தால் அந்தப் பக்கக் கண் அழிந்தது. ஆக, விழித்திரைக்கு வளரும் திறன் இருக்கத்தான் செய்தது; லென்ஸ் செத்ததுதான் பெரிய அடி. இன்னொரு குழு பிற்பாடு, இப்படிக் கண் பெற்ற குகை மீன்களை வெளிச்சத்தில் சோதித்தது. அவை வெளிச்சத்துக்கு அசைந்துகொடுக்கவில்லை. கண் வந்தது, பார்வை வரவில்லை.

இனி மரபணு. முதலில் நிறத்தைப் பார்த்துவிட்டால் கண் எளிதாகப் புரியும். பல குகைகளில் மீன்கள் முழு வெள்ளையாக, அதாவது மெலனின் என்ற கருநிறமி இல்லாமல் இருக்கின்றன. இதை 1950-களில் ஆராய்ந்த துருக்கிய மரபியலாளர் பெரிஹான் சாடோலு, இது ஒரே ஒரு மரபணுவால் வரும் ஒடுங்கு பண்பு என்று காட்டினார். ஒடுங்கு என்றால், அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு பிரதிகளும் கெட்டிருந்தால்தான் பண்பு வெளியே தெரியும். ஒரு பிரதி நன்றாக இருந்தாலும் போதும், நிறம் வந்துவிடும். 2006-ல் அந்த மரபணு எது என்று கண்டுபிடித்தார்கள்: ஓசிஏ2. மனிதர்களுக்கு வரும், பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் வகைகளில் ஒன்றுக்கும் இதே மரபணுதான் காரணம்.

பச்சோன் என்ற குகையிலும் மொலினோ என்ற குகையிலும் ஓசிஏ2 கெட்டிருக்கிறது. ஆனால் ஒரே மாதிரி கெடவில்லை. பச்சோன் மீனில் மரபணுவின் ஒரு துண்டு காணவில்லை, மொலினோ மீனில் வேறொரு துண்டு காணவில்லை. யாரும் யாரிடமிருந்தும் வாங்கவில்லை. இரண்டு குகைகளில் தனித்தனியாக நடந்த இழப்பு. பச்சோன் மீனையும் மொலினோ மீனையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சும் வெள்ளைதான். ஏனென்றால் அதற்குக் கிடைத்த இரண்டு பிரதிகளுமே கெட்டவை. கெட்ட இடம் வேறாக இருந்து என்ன பயன்?

இப்போது கண். கண் ஒரு மரபணுவால் ஆவதல்ல. அதைக் கட்ட நிறைய மரபணுக்கள் வேண்டும், அவற்றில் எதுவும் கெடலாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பொரோவ்ஸ்கி 2008-ல் வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களைச் சேர்த்து இனப்பெருக்கம் செய்யவைத்தார். அப்பாவுக்கும் கண் இல்லை, அம்மாவுக்கும் கண் இல்லை. குஞ்சுகள் பார்க்கின்றனவா என்று தெரிந்துகொள்ள, அவற்றைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் நகரும்படி வைத்தார். பார்வையுள்ள மீன் குஞ்சு நகரும் கோடுகளைக் கண்ணால் தொடரும். பார்வையில்லாதது சும்மா இருக்கும். குருட்டுப் பெற்றோரின் குஞ்சுகளில் சில, கோடுகளைத் தொடர்ந்தன. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக இருட்டில் கிடந்த இரண்டு வம்சங்கள் சேர்ந்து ஒரே தலைமுறையில் பார்வையைத் திரும்பப் பெற்றன.

இதில் மாயம் எதுவும் இல்லை. வீட்டில் இரண்டு பழுதான மிக்ஸிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் மோட்டார் போய்விட்டது, ஜாரும் பிளேடும் நன்றாக இருக்கின்றன. இன்னொன்றில் பிளேடு உடைந்துவிட்டது, மோட்டார் ஓடுகிறது. தனித்தனியாக இரண்டுமே சட்னி அரைக்காது. இதன் மோட்டாரில் அதன் ஜாரை மாட்டினால் ஒரு மிக்ஸி தேறிவிடும். இரண்டிலுமே மோட்டார்தான் போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நிறத்தில் நடந்தது அதுதான். கண்ணில் ஒரு குகைக்காரருக்குக் கெட்டது ஒன்று, இன்னொரு குகைக்காரருக்குக் கெட்டது வேறு. குஞ்சுக்கு ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு நல்ல பிரதியாவது கிடைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்றும் தெரியவந்தது: இரண்டு குகைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவோ, அவ்வளவுக்குக் குஞ்சுகள் பார்வையோடு பிறக்கும் வாய்ப்பு அதிகம். தொலைவு கூடினால் கெட்டுப்போன மரபணுக்களும் வேறு வேறாக இருக்கும் என்று பொருள்.

ஆகவே, 'குகை மீன் கண்ணை இழந்தது' என்று ஒருமையில் சொல்வதே அவ்வளவு சரியில்லை. பல குகைகளில், பல வழிகளில், பலமுறை இழந்தது.

எப்படி இழந்தது என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் டார்வினைத் தடுமாறவைத்த கேள்வி. இரண்டு விடைகள் சாத்தியம். ஒன்று, மரபணு நகர்வு: கண்ணால் பயனில்லை என்றால் கண்ணைக் கெடுக்கும் சடுதிமாற்றங்களை வடிகட்ட யாரும் இல்லை. ஆற்றில் பார்வையில்லாத மீன் கொக்குக்கு இரையாகும். குகையில் அது பாட்டுக்கு வாழ்ந்து முட்டையிடும். தலைமுறை தலைமுறையாகக் கெடுதிகள் சேர்ந்துகொண்டே போகும், நல்லதற்கும் இல்லை, கெட்டதற்கும் இல்லை. இரண்டாவது, இயற்கைத் தேர்வு: கண் இல்லாமல் இருப்பதே இலாபம், அதனால் கண்ணிழந்தவை அதிகப் பிள்ளை பெற்றன.

எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 2007-ல் வந்த ஒரு ஆய்வின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆற்று மீனையும் குகை மீனையும் சேர்த்து, பேரப்பிள்ளைகள் வரை வளர்த்தார்கள். பேரப்பிள்ளைகளில் பெரிய கண், நடுத்தரக் கண், சின்னக் கண் என்று எல்லா அளவும் வரும். மரபணுத் தொகுதியில் கண் அளவைப் பாதிக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் குகை மீனின் பிரதி இருந்தால் கண் பெரிதாகிறதா, சிறிதாகிறதா என்று பார்த்தார்கள். வெறும் நகர்வு என்றால் அங்கங்கே ஒன்றிரண்டு இடங்களாவது கண்ணைப் பெரிதாக்க வேண்டும், ஏனென்றால் அதற்குத் திசை கிடையாது. கண்ணில் எல்லா இடங்களும் ஒரே பக்கம் சாய்ந்தன: குகை மீனின் பிரதி கண்ணைச் சிறிதாக்கியது. கருநிற செல்களின் எண்ணிக்கையில் அப்படி இல்லை. சில இடங்களில் குகைப் பிரதி நிறத்தைக் கூட்டியது, சில இடங்களில் குறைத்தது. ஆக, கண்ணை இயற்கைத் தேர்வு துரத்தியது, நிறம் பெரும்பாலும் கவனிப்பாரின்றிக் கரைந்தது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். நிறத்தைப் பற்றிய பாதி இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. ஓசிஏ2 கெட்டால் தூக்கமும் குறைகிறது என்று பின்னர் தெரியவந்ததால், அதிலும் தேர்வுக்குப் பங்கு இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள்.

சரி, கண்ணில்லாமல் இருப்பதில் என்ன இலாபம்? முதல் இலாபம் சாப்பாட்டுச் செலவு. குகையில் வெயில் இல்லை, பாசி இல்லை. வௌவால் எச்சம், மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் குப்பை, இவைதான் வருமானம். விழித்திரையும் பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியும் ஓயாமல் ஆற்றலைத் தின்பவை. 2015-ல் இந்த மீன்களிலேயே அளந்து பார்த்தார்கள்: ஒரு கிராம் எடையுள்ள குட்டி மீனுக்கு, ஓய்வாக இருக்கும்போது ஆகும் மொத்த ஆற்றல் செலவில் 15 சதவீதம் பார்வைக்கே போகிறது. வளர வளர இந்தப் பங்கு குறைந்து, 8.5 கிராம் மீனில் 5 சதவீதமாகிறது. பசியில் கிடக்கும் குட்டி மீனுக்கு 15 சதவீதம் என்பது வாழ்வா சாவா. கண்ணால் தீங்கு வரும் என்று கற்பனை செய்வது கடினம் என்றாரே டார்வின், தீங்கு இங்கேதான் இருந்தது.

இரண்டாவது இலாபம் இன்னும் சுவையானது. கருவின் நடுக்கோட்டில் வேலை செய்யும் ஒரு மரபணு இருக்கிறது, பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆமாம், வீடியோ கேமில் ஓடும் அதே நீல நிற முள்ளெலியின் பெயர்தான். மரபணுவுக்குப் பெயர் வைப்பவர்கள் சில நேரம் அப்படித்தான். குகை மீனின் கருவில் இதன் செயல்பாடு ஆற்று மீனைவிட அகலமாகப் பரவியிருக்கிறது. ஆற்று மீன் கருவில் இதைச் செயற்கையாகக் கூட்டினால் லென்ஸ் சாகிறது, கண் சிதைகிறது. அதே கூட்டல் தாடையைப் பெரிதாக்குகிறது, வாயைச் சுற்றிச் சுவை மொட்டுகளைப் பெருக்குகிறது. இருட்டில் தரையைத் தடவித் தடவி இரை தேடும் மீனுக்கு நல்ல வாயும் நாக்கும் வேண்டும். வாய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாற்றத்தில் கண் பலியாகியிருக்கலாம்.

கண்ணை அழிக்கும் வேறு மரபணுக்களும் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. 2020-ல் தெரியவந்த ஒன்று, கண்ணுக்குப் போகும் இரத்தக் குழாயைப் பாதிப்பது. சிபிஎஸ்ஏ என்று பெயர். அது வேலை செய்யாவிட்டால் குழாய் வீங்கி, கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குகைகளின் மீன்களில் இந்தக் கெடுதி இருக்கிறது. 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு, பச்சோன் மீனில் கண் மரபணுக்கள் பலவற்றின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிக்கொண்டு அவற்றை வாயடைத்து வைத்திருக்கிறது என்றது. மரபணு கெடாமலேயே மௌனமாகிவிடுகிறது.

கண் போன இடத்தை எது நிரப்பியது? மீன்களின் உடலில் தலையிலிருந்து வால்வரை நீரசைவை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கும். பக்கக்கோட்டு உறுப்புகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். குகை மீனுக்கு இவை எண்ணிக்கையிலும் அதிகம், அளவிலும் பெரிது. இருட்டுத் தொட்டியில் ஒரு கண்ணாடிக் குச்சியை நொடிக்கு 35 தடவைபோல அதிரவிட்டால், குகை மீன் நேராக அதை நோக்கி வந்து முட்டும். ஆற்று மீன்களில் பெரும்பாலானவை திரும்பிக்கூடப் பார்க்காது. நீரில் விழுந்து துடிக்கும் பூச்சியின் அதிர்வு அந்த அளவில்தான் இருக்கும்.

உடம்புக்குள்ளேயும் மாற்றங்கள். பசியைக் கட்டுப்படுத்தும் எம்சி4ஆர் என்ற மரபணு சில குகைகளின் மீன்களில் மாறியிருப்பதால் கிடைத்தபோது வயிறு முட்டத் தின்னும், கொழுப்பைச் சேர்க்கும். அப்புறம் இன்சுலின் ஏற்பி. பச்சோன், தினாஹா குகை மீன்களில் அதில் ஒரு மாற்றம் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இன்சுலினுக்கு உடல் சரியாகப் பதில் சொல்வதில்லை. இதே மாற்றம் மனிதருக்கு வந்தால் கடுமையான நோய். மீனோ ஆரோக்கியமாக, ஆற்று மீனின் ஆயுளோடு வாழ்கிறது. சர்க்கரை நோயை ஆராய்பவர்கள் குருட்டு மீனை வளர்க்கத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். எனக்கென்னவோ, கண்ணைவிட இந்த மீன் பேசப்படப்போவது இன்சுலினுக்காகத்தான் என்று தோன்றுகிறது. தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆற்று மீனைவிடக் குகை மீன் மிகக் குறைவாகத் தூங்குகிறது.

இவ்வளவும் நடக்க எவ்வளவு காலம் ஆனது? முன்பெல்லாம் பல லட்சம் ஆண்டுகள் என்றார்கள். 2018-ல் ஒரு குழு சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குள்தான் என்றது. அதே ஆண்டில் இன்னொரு குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் என்றது. சண்டை தீரவில்லை. ஆனால் குறைந்தது இரண்டு முறை ஆற்று மீன்கள் தனித்தனியாகக் குகைக்குள் போயின என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆற்று மீன்களுக்குள்ளேயே சின்னக் கண்ணுக்கான மரபணு வேறுபாடுகள் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கின்றன என்பதும் 2013-ல் காட்டப்பட்டது. செல்லில் புரதங்களைச் சரியாக மடித்துவைக்கும் எச்எஸ்பி90 என்ற புரதத்தை மருந்தால் முடக்கியபோது, ஆற்று மீன் குஞ்சுகளில் கண் அளவு திடீரென்று பல தினுசாக வந்தது. குகைக்குள் வந்த முதல் மீன்கள் புதிய சடுதிமாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சரக்கில் ஒரு பகுதி கையோடு வந்திருந்தது.

நம் பக்கத்திலேயே கண்ணில்லாத மீன்கள் உண்டு. கேரளத்தில் செம்புரைக்கல் நிலத்தடி நீரில் வாழும் ஹோராக்ளானிஸ் என்ற சின்னஞ்சிறு கெளுத்தி வகை, கிணறுகளில் அவ்வப்போது தலைகாட்டும். கோட்டயம் பகுதிக் கிணற்றிலிருந்து முதல் இனம் 1950-ல் விவரிக்கப்பட்டது. 2023-ல் விவரிக்கப்பட்ட ஒரு இனத்துக்கு ஹோராக்ளானிஸ் பாபுலி என்று பெயர். ஊர்மக்கள் தகவல் கொடுத்ததால், மக்களைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் அவர்கள் நினைவாகவே வைத்தார்கள். இந்த மீன்களுக்கும் கண் இல்லை, நிறம் இல்லை, உடல் இரத்தச் சிவப்பு. ஆனால் மெக்சிகோ மீனில் செய்ததை இதில் செய்ய முடியாது. கண்ணுள்ள ஹோராக்ளானிஸ் எந்த ஆற்றிலும் இல்லை. யாரோடு சேர்த்துக் குஞ்சு பொரிக்கவைப்பது? டிஎன்ஏவைப் படித்து, கண் மரபணுக்களில் எவை சிதைந்திருக்கின்றன என்று பட்டியல் போடலாம். அந்தச் சிதைவுகளில் எது கண்ணைக் கொன்றது, எது கண் செத்த பிறகு சும்மா சேர்ந்தது என்று பிரிக்க அந்தப் பட்டியல் மட்டும் போதாது.